அழிக்கும் விசையும் நம் உயிர்மெய்யும்

ரயில் ஓடாத இத்தீவில், தாயகத்து வண்டிகளுக்கு முன்பதிவுச் சீட்டுப் போட்டுக் கொடுப்பது என் தொழில். நாள் முழுதும் விசைப்பலகையோடு பழகும் எனக்கு, என் எட்டு வயது மகள் அண்மையில் ஒரு பாடம் கற்பித்தாள்.

தஞ்சையிலுள்ள பாட்டிக்குக் கைப்பேசியில் கடிதம் எழுத அமர்ந்தாள். ஆங்கில எழுத்தைத் தட்டினால் அவ்வொலிக்குரிய தமிழ் எழுத்து வரும் முறை அது. 'பா' என்பதற்குப் பதிலாகக் கைதவறிப் 'பொ' விழுந்தது. அழிக்கும் விசையை ஒருமுறை தொட்டாள், 'ப' எஞ்சியது. ஆகாரத்தை இட்டாள், 'பஆ' என்று வந்து நின்றது. மீண்டும் முயன்றாள், அதே கதை. "தமிழ் வேண்டாம் அப்பா, இங்கிலீஷிலேயே எழுதிவிடுகிறேன்" என்றாள். என் நெஞ்சு துணுக்குற்றது.

ப் + ஒ = பொ என்பது நம் இலக்கணம். ஒகரத்தை நீக்கினால் எஞ்சவேண்டியது 'ப்' அன்றோ? அழையாத அகரம் எங்கிருந்து வந்தது?

காரணம் இதுதான். 1991இல் முதன்முதல் வெளிவந்த யூனிகோடு முறையில் அகரமேறிய 'ப' ஓர் எண். ஒகரக் குறி வேறோர் எண். புள்ளியும் தனி எண். பல கருவிகளில் அழிக்கும் விசை கடைசி எண்ணை மட்டுமே நீக்குகிறது. 2024இல் போர்ட் பிளேருக்கு இடப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரையே பாருங்கள். 'ஸ்ரீ' கண்ணுக்கு ஒன்று; கணக்கில் நான்கு!

பழைய தட்டெழுத்துப் பொறியில் அவ்விசை வண்டியைப் பின்னே நகர்த்தியதேயன்றி எதையும் அழித்ததில்லை. இன்று அழிக்கிறது, ஆதலால் எதனை அழிப்பது என்ற வினா எழுகிறது.

என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: எழுத்து உருவாகும்போது, கடைசியாகத் தட்டியது எதுவோ அதுவே நீங்கவேண்டும். ஒலிமுறையில் 'பொ' திரும்பவும் 'ப்' ஆகட்டும். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 பலகையிலோ முதல் தட்டே 'ப' தருகிறது. ஆங்கு 'ப' எஞ்சுவதே முறை. எழுதி முடித்த சொல்லைப் பின்னர்த் திருத்தும்போது, ஒரு தட்டுக்கு ஓரெழுத்து முழுதும் நீங்கட்டும். குறியை மட்டும் மாற்ற விழைவோர்க்குச் சிறிது வேலை கூடும். குழந்தைகளுக்குக் குழப்பம் தீரும்.

அந்நாள் வரும்வரை, பிழைத்த எழுத்தை முழுதும் அழித்து மீண்டும் எழுதப் பிள்ளைகளைப் பழக்குங்கள். என் மகளுக்கு அருகிருந்து அவ்வாறே காட்டினேன். அன்றிரவே பாட்டிக்குத் தமிழ்க் கடிதம் சென்றது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு வீட்டில் மட்டுமே தமிழ். அதனை ஒரு விசையின் பொருட்டு இழக்கலாமா?