ஈ தின்னும் செடியும் இருதய மருந்தும்

"எலுமிச்சை ரசப் பாட்டிலில் 'கார்டியல்' என்று போட்டிருக்கிறான். இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினாலும் ஆங்கிலப் பேப்பரில் 'கார்டியல்' என்கிறான். என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சம்பந்தம் இருதயம். லத்தீனில் 'கோர்' என்றால் அதுதான். மனசார வரவேற்பதும் கார்டியல், நெஞ்சுக்குத் தெம்பூட்டும் மருந்தும் கார்டியல். மருந்தில் சாராயமும் சர்க்கரையும் சேர்ந்ததும் நோயில்லாதவர்களும் தேடிக் குடிக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அது இன்றும் இனிப்பு மது. பிரிட்டனில் போதையில்லாத பழப்பாகு.

எனக்குப் பிடித்தது 'ரோசா சோலிஸ்' என்ற பழைய கார்டியல். ஐரோப்பியச் சதுப்புகளில் வளரும் துரோசெரா என்ற குட்டிச் செடியில் செய்தது. அதன் இலை முழுக்கச் சிவந்த மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பளபளத்த துளி. உச்சி வெயிலிலும் காயாது. காயாத பனித்துளி மனிதனின் உயிர்ச்சாரத்தையும் காயவிடாது என்று கணக்குப் போட்டார்கள் அந்தக் கால வைத்தியர்கள்.

லண்டன்காரர் ஹியூ பிளாட் 1602-இல் வெளியிட்ட செய்முறை: ஜூலையில் பறித்த இலை, பேரீச்சை, பட்டை, இஞ்சி, கிராம்பு, சர்க்கரை. எல்லாவற்றையும் சாராயத்தில் 20 நாள் ஊறப்போட்டு, எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைப்போல இரண்டு நாளைக்கு ஒரு தரம் குலுக்க வேண்டும். அதற்கு முன் இலையிலுள்ள கறுப்புத் துணுக்குகளைப் பொறுக்கிவிடவும் சொல்கிறார். என் ஊகம், அவை செடி தின்று மிச்சம் வைத்த பூச்சிகள். துளி பனியல்ல, பசை. சதுப்பில் தழைச்சத்து மிகக் குறைவு. அதனால் பூச்சியைப் பிடித்துச் செரித்துக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் இதைப் பல சோதனைகளால் காட்டி 1875-இல் தனிப் புத்தகமே போட்டார்.

இந்தச் செடி சாராயத்துக்குப் பலியானதைவிட மண்ணுக்குப் பலியானதுதான் அதிகம் என்பேன். வயலுக்காகச் சதுப்பை வடித்தார்கள். எரிக்கவும், பிறகு பூந்தொட்டிக்கும் அதன் கரிமண்ணை வெட்டினார்கள். ஜெர்மனியில் இன்று இந்தச் செடியைப் பறிக்கத் தடை. ஐரோப்பிய இருமல் மருந்துக்கு மடகாஸ்கரிலிருந்து இதன் உறவுச் செடியை வாரிக்கொண்டு போகிறார்கள். தன் வீட்டில் தீர்ந்ததும் அடுத்தவன் வீட்டில் கைவைப்பது எந்த ஊர் வைத்தியமோ!

நீலகிரி, பழனி மலைகளின் ஈரப் புல்வெளியிலும் துரோசெரா இனச் செடிகள் உண்டு. முட்டி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். காலை வைத்தால் போச்சு.