உந்துருளி தேடிய படலம்

கடந்த ஆண்டு மார்கழி மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தட்டாதெருச் சந்திக்கு அண்மையில் யான் என் மனைவியோடு வீதியில் விழுந்தேன். வேகமாகச் சென்று விழுந்தோம் என்று எவரும் எண்ணற்க. மனிதன் நடக்கின்ற வேகத்தினும் சற்றே மிகுதியான வேகம் அது. முன்னே சென்ற முச்சக்கரவண்டி சட்டென நின்றது. வீதியோரத்து ஈரமணலில் எமது சில்லு வழுக்கியது. வலது கால் பிறேக்கின்மேல் இருந்தது. இடது கால் கியரை மாற்ற முனைந்திருந்தது. நிலத்தில் ஊன்றுதற்கு ஒரு காலேனும் ஓய்வாக இருக்கவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சேலையுடுத்து ஒருபக்கமாக அமர்ந்திருந்தவளின் கணைக்கால்மேல் அதன் பாரம் முழுவதும் இறங்கிற்று.

அஃது என்னுடைய வண்டியன்று; மருமகனிடம் இரவல் பெற்றது. 150 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டியது. நிறையும் ஏறக்குறைய 150 கிலோ. விழுந்ததனை யான் பெரிதாக எண்ணவில்லை. விழுந்த வண்டியை என்னால் தூக்க இயலவில்லை என்பதே இன்றும் என் நெஞ்சை அறுக்கின்றது. அவள் "கால், கால்" என்று கூவுகின்றாள், யானோ கைபிடியைப் பற்றிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதின் முழு வலிமையையும் கூட்டி இழுக்கின்றேன், வண்டி அசையவில்லை. எதிர்க்கடையிலிருந்து இரு இளைஞர் ஓடிவந்து தூக்கினர்.

எலும்பில் வெடிப்பு. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். நீரிழிவு உள்ளவளாதலின் புண் ஆறுவதும் தாமதித்தது. கட்டு அவிழ்த்த அன்று அவள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, இனி நான் உதிலை ஏறமாட்டன். நீங்களும் ஏறாதேங்கோ."

ஏறாதிருத்தல் எளிதன்று. எமது இல்லம் இணுவிலில். யான் படிப்பிக்கும் கலாசாலை நகரில். இடைத்தூரம் ஆறு கிலோமீற்றர் அளவே. முப்பதாண்டு துவிச்சக்கரவண்டியில் சென்றவன் யான். இப்பொழுது முழங்கால் அதற்கு ஒவ்வேன் என்கின்றது. பஸ்ஸின் உயர்ந்த படியில் ஏறுதல் அவளுக்கு இயலாது. அவளோ மாதந்தோறும் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவள். ஒவ்வொரு முறையும் முச்சக்கரவண்டிக்குக் கொடுப்பதற்கு ஓர் ஆசிரியனின் பை இடந்தராது. ஆகவே, எளியதும் நம்பத்தக்கதுமான ஓர் உந்துருளியைத் தேடுவதென்றும், அதில் அவளை மீண்டும் ஏற்றுவதென்றும் மனத்துள் உறுதி செய்துகொண்டேன். அவளிடம் அப்போது சொல்லவில்லை.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆளைத் தேர்ந்த பின்னரே நம்புக என்பது அதன் கருத்து. வண்டிக்கும் அதுவே பொருந்தும் என்று துணிந்து தேர்வில் இறங்கினேன்.

முதலில் சென்றது கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம். போர்க்காலத்தில் எங்கள் குடும்பத்து வண்டியைப் பார்த்தவர் அவர். "பழுதாகாத வண்டி ஒன்று சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

"பண்டிதர் ஐயா, வண்டியெண்டால் பழுதாகும். பழுதாகாத வண்டியைத் தேடாதேங்கோ. பழுதானால் ஊரிலை சாமான் கிடைக்கிற வண்டியைத் தேடுங்கோ."

நம்பகம் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த உரையை யான் கேட்டதில்லை. சுன்னாகத்திலிருந்து நகர் வரையும் உள்ள எந்தக் கராஜிலும் எந்த வண்டிக்குப் பிறேக்குக் கட்டையும் கேபிளும் பிளக்கும் உடனே எடுத்துத் தருவார்களோ, அதுவே நம்பத்தக்க வண்டி. பிறநாட்டில் எத்துணைப் புகழ் பெற்றதாயினும், ஒரு சிறு உறுப்புக்காகக் கொழும்புக்கு ஆளனுப்ப வேண்டிய வண்டி நமக்கு ஆகாது.

அவருடைய கராஜின் மூலையில் ஒரு பழைய ஹொண்டா எம்.டி.90 தூசி படிந்து நின்றது. ஜப்பானிய அஞ்சற்காரருக்காகச் செய்யப்பட்ட செந்நிற வண்டியின் இனம் அது. அதனைக் கண்டதும் யான் வந்த காரியத்தையே மறந்து போனேன். தொண்ணூறுகளில் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தை அறிந்தவர்கள் இந்த வண்டியையும் அறிவர். மண்ணெண்ணெயிலே ஓடிற்று அது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் ஒரு சிறு போத்தலில் பொன்போலக் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபிரேற்றருக்குள் விட்டு உதைப்போம். இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய் தானே எரியும். கண் கரிக்கும் வெண்புகை பின்னே நீளும். பிளக்கில் கரி படிந்துவிடும். மண்கடதாசியால் உரைஞ்சிப் பூட்டி மீண்டும் உதைப்போம். இத்துணைக் கொடுமைக்கும் ஈடுகொடுத்தது அந்தச் சிறு இயந்திரம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, என் தாய்மாமனின் எம்.டி.90 என் கையில் இருந்தது. அதனை யான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. நாவற்குழிப் பாலத்தை அண்மிய வீதியில் மனிதரல்லாத வெளியே இல்லை. இருக்கையில் அம்மாவை இருத்தி, பின்னே இரு மூட்டைகளைக் கட்டி, மழையில் இரவு முழுவதும் தள்ளினேன். நின்று நின்று, அங்குலம் அங்குலமாகத் தள்ளி மறுநாள் நண்பகலில் கைதடியை அடைந்தோம். அருகே ஒருவர் பெரிய வண்டியொன்றைத் தள்ள மாட்டாமல் வீதியோரத்தில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்ததை யான் கண்டேன். அன்று முதல் எந்த வண்டியைக் கண்டாலும், "இதனைத் தள்ளலாமா?" என்றே என் மனம் முதலிற் கேட்கும். இடையில் எப்படியோ அக்கேள்வியை மறந்துவிட்டேன். தட்டாதெருச் சந்தி நினைவூட்டிற்று.

இலேசான வண்டி என்னும் எண்ணத்தை உலகிற்குப் பெரிதாகக் காட்டியவர்கள் ஹொண்டா நிறுவனத்தார். 1958இல் அவர்கள் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் வண்டி 50 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட இயந்திரமும் 55 கிலோ அளவான நிறையும் உடையது. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டையும் மறு கையில் வண்டியையும் பிடித்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் நோக்கங்களுள் ஒன்று. அதனாலேயே கையாற் பிடிக்கும் கிளச்சை நீக்கி, தானே இயங்கும் கிளச்சை அமைத்தனர். 2017இல் அவ்வினத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. நம்மூரில் ஓடிய சீ.50, சீ.70, சீ.90 என்பனவெல்லாம் அதன் வழித்தோன்றல்களே. எனக்கு ஒரு சீ.90 வாங்கும் ஆசை இருந்தது. கராஜ் முதியவர் அதனை முளையிலேயே கிள்ளினார். "அது இப்ப ஆசைக்கு வைச்சிருக்கிற வண்டி ஐயா, வேலைக்கு வைச்சிருக்கிற வண்டியில்லை" என்றார்.

எஞ்சியவை இரண்டு வகை. ஒன்று, 100 கன சென்ரிமீற்றர் அளவுள்ள இந்திய உந்துருளி. ஹீரோ ஸ்பிளெண்டர் அவ்வகையில் முதன்மையானது. 1994இல் இந்தியாவில் வெளிவந்தது. நிறை 112 கிலோ அளவு. ஒரு லீற்றர் பெற்றோலில் 50 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். பெற்றோற் சிக்கனத்தை எவரும் இகழற்க. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது உந்துருளிக்கு முதலிற் கிடைத்தது வாரம் 4 லீற்றரே. அந்த 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் செல்வோன் அரசன். 120 கிலோமீற்றர் செல்வோன் வியாழக்கிழமையே துவிச்சக்கரவண்டியைத் துடைக்கத் தொடங்கினான். 2023 செப்ரெம்பரில் அம்முறை நீங்கியது.

மற்றையது ஸ்கூட்டர். நம்மூரார் எல்லாச் ஸ்கூட்டரையும் "ஸ்கூட்டி பெப்" என்றே அழைப்பர். ஒன்றன் பெயர் அதன் இனம் முழுவதற்கும் ஆகிவந்தது. உண்மையான ஸ்கூட்டி பெப் 90 கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்தது. நிறை ஏறக்குறைய 95 கிலோ.

என் மனம் ஸ்பிளெண்டரிலேயே நின்றது. உண்மையை மறைப்பானேன்? ஸ்கூட்டி என்றால் பாடசாலை ஆசிரியைகளும் வங்கியில் வேலைபார்க்கும் பெண்பிள்ளைகளும் செலுத்துவது என்ற எண்ணம் இந்த மண்ணில் உண்டு. வேட்டியும் சால்வையுமாகப் பண்டிதர் ஒருவர் அதில் வந்திறங்கினால் மாணாக்கர் என் செய்வர்? மருமகன்தான் என் வீறாப்பை உடைத்தான்.

"மாமா, அண்டைக்கு ஏன் விழுந்தனீங்கள்? கால் ரண்டும் வேலையிலை இருந்தது. ஸ்கூட்டியிலை காலுக்கு வேலையில்லை. ரண்டு பிறேக்கும் கையிலை. கால் எப்பவும் நிலத்துக்கு ஆயத்தம்."

யான் வாயடைத்துப் போனேன். மேலும் ஆராய்ந்தபோது அவன் பக்கமே வலுத்தது. உந்துருளியின் சங்கிலியும் சில்லின் கம்பிகளும் சேலைத்தலைப்பை இழுக்கும் இயல்புடையவை. காவற்கம்பி பூட்டினாலும் அச்சம் முற்றும் நீங்காது. ஸ்கூட்டரில் சங்கிலியே இல்லை. மூடிய பெட்டிக்குள் ஒரு பட்டி ஓடுகின்றது. வேட்டிக்கும் அது நன்றே. அதன் குறை சில்லின் சிறுமை. உந்துருளியின் சில்லு 18 அங்குலம். ஸ்கூட்டியினுடையது 10 அங்குலம். பெரிய சில்லு ஏறிக் கடக்கும் குழியில் சிறியது இறங்கிவிடும். காங்கேசன்துறை வீதி செப்பமாக உள்ளது. எங்கள் ஒழுங்கைகளே குழி நிறைந்தவை. அங்கே மெல்லச் செல்வதென்று என்னோடு யானே உடன்படிக்கை செய்துகொண்டேன். இருவரை ஏற்ற வலிமை போதுமா என்பது அடுத்த ஐயம். யாழ்ப்பாணத்தில் ஏறுதற்கு மலை ஏது? கண்டியிலும் பதுளையிலும் வாழும் அன்பர்கள் இந்த முடிவைப் பின்பற்றற்க. அவர்களுக்கு வலிய இயந்திரமே வேண்டும்.

புதிதாக வாங்க இயலவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிற்றாயினும், வரியோடு சேர்த்து விலை கேட்டபோது தலை சுற்றியது. கைமாறிய வண்டியே கதி. இவ்விடத்தில் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. உந்துருளி என்பது வினைத்தொகை. உந்தின உருளி, உந்துகின்ற உருளி, உந்தும் உருளி என மூன்று காலத்துக்கும் விரியும். விற்பவர் எதிர்காலத்தைக் கூறுவார். வாங்குபவன் இறந்தகாலத்தைத் துருவ வேண்டும். புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு பொருந்துகின்றனவா? நிதி நிறுவனம் எதன் பெயரேனும் உரிமையாளராக இன்னும் பதிந்துள்ளதா? பெயர் மாற்றாமலே மூன்று கை மாறியதா? யான் பார்த்த முதல் வண்டியின் உடைமையாளர் புத்தகத்தில் இருந்தவரல்லர். புத்தகத்தில் இருந்தவர் வெளிநாட்டில் என்றார்கள். வணக்கம் கூறி மீண்டேன். இரண்டாவதில் குளிர்ந்த இயந்திரத்தை உதைக்க விடவில்லை. யான் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தார். அதுவே ஒரு விடை.

மூன்றாவது தாவடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. கணக்குப் புத்தகம் ஒன்றில் எண்ணெய் மாற்றிய நாளெல்லாம் குறித்து வைத்திருந்தார். குளிர்ந்த இயந்திரம் மூன்றாம் உதையில் எழுந்தது. "ஐயா, இன்னும் என்ன பாக்கவேணும்?" என்றார். வண்டியை நிலத்தில் சாய்க்க உத்தரவு கேட்டேன். அவர் திகைத்தார். முற்றத்து மணலில் ஒரு சாக்கை விரித்து வண்டியை இடப்பக்கம் மெல்லக் கிடத்தினேன். பின்னர் குனிந்து, கைபிடியையும் பின்சட்டத்தையும் பற்றி, தொடையை அணைகொடுத்து எழுப்பினேன். எழுந்தது. மீண்டும் ஒருமுறை செய்தேன், எழுந்தது. பின் அவருடைய கிணற்றைச் சுற்றி இருமுறை தள்ளிச் சென்றேன். அவர் வாய்பொத்திச் சிரித்தார். யான் அன்றே முற்பணம் கொடுத்தேன். பட்டியையும் பிறேக்குக் கட்டைகளையும் கொக்குவில் முதியவர் புதிதாக மாற்றித் தந்தார்.

வண்டி வீட்டிற்கு வந்து பதினொரு நாள் அவள் அதனைத் திரும்பிப் பாராள். யானும் ஏறு என்று சொல்லவில்லை. நாள்தோறும் மாலையில் கலாசாலையிலிருந்து வந்து, வேண்டுமென்றே அவள் காணும்படி முற்றத்தில் அதனைக் கிடத்தித் தூக்குவேன். பன்னிரண்டாம் நாள் அவள் விளக்குமாற்றைச் சுவரிற் சாத்திவிட்டு அருகே வந்தாள்.

"என்னையும் வைச்சுக்கொண்டு தூக்க ஏலுமோ?"

"உன்னை முதலிலே இறக்கிவிட்டுத் தூக்குவேன்" என்றேன்.

சற்று நேரம் நின்றாள். உள்ளே சென்றாள். திரும்பி வந்தபோது மகளுடைய பழைய தலைக்கவசம் கையில் இருந்தது. சேலைக்குப் பதிலாகச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்திருந்தாள். மகள் விட்டுச் சென்றவை. இருபத்தெட்டு ஆண்டு இல்வாழ்வில் யான் காணாத கோலம். இருபுறமும் காலிட்டு அமர்ந்தாள்.

"நாச்சிமார் கோயிலடி மட்டும்தான்," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதைப் பற்றிப் பிறகு பாப்பம்."