ஹைபிரிட் வண்டியின் நடுக்கமும் ஓசையும்

வன்னியில் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த போர்க்காலத்தில் மோட்டார் வண்டிகள் பல மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய அக்காலச் சாரதிகள் ஓசையைக் கேட்டே குறையை உணர்ந்தனர். இன்று வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில், நெளுக்குளத்தினூடாக ஓடும் ஹைபிரிட் வண்டிகளுக்கு அச்செவிப்பயிற்சி மட்டும் போதாது. இவற்றில் எஞ்சின் ஓய்ந்திருத்தலும் இயல்பு. எதிர்பாரா வேளையில் விழித்தெழுதலும் இயல்பு. ஆதலின் இயல்பையும் நோயையும் பிரித்தறிதலே முதற்பணியாகும்.

டொயோட்டா நிறுவனம் 1997 ஆம் ஆண்டு யப்பானில் வெளியிட்ட பிரியஸ் வண்டியில் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் பற்சில்லுத் தொகுதியொன்றால் இணைந்து உழைக்கின்றன. இத்தகைய வண்டியின் கதவைத் திறந்ததும் தடுப்புத் தொகுதியின் பம்பி முரலுதலும், வண்டியை ஆயத்தமாக்கும்போது மின் ஆளிகள் ‘டக்’ என ஒலித்தலும் நோயின் குறிகளல்ல.

இரவு முழுதும் நின்ற வண்டி, காலையில் எஞ்சின் தொடங்கும்போது உலுக்கி, தகரப்பெட்டியிற் கல்லிட்டுக் குலுக்கினாற்போல் ஒலித்துச் சிறிது நேரத்தில் அமைதியடையுமாயின், அஃது ஐயுறத்தக்கது. 2009 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறைப் பிரியஸ் வண்டிகளில் இக்குறை பலவிடத்தும் காணப்பட்டது. எரிந்த வாயுவின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் வழி கரியால் அடைபடுதலும், சிலிண்டர்த் தலையின் கீழுள்ள கஸ்கெற் பழுதடைதலும் இதற்குக் காரணமெனப் பொறிவல்லுநர் பலர் கருதுவர். பழுதடைந்த கஸ்கெற் வழியே இரவிற் குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குட் கசியும். காலையில் அச்சிலிண்டரில் எரிதல் கெடும். மற்றைய மூன்றும் உழைக்க ஒன்று சோர்வதால் வண்டி நடுங்கும். இதனைப் பற்றரியின் நோயெனக் கொண்டு பெரும்பொருள் செலவிடுவோரும் உளர். பொருள் போனபின்னும் நோய் நிற்கும்.

ஆராயும் முறை வருமாறு: முதலாவதாக, எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் குளிர்விப்பு நீரின் மட்டத்தைக் குறித்துச் சில நாட்கள் கவனித்தல் வேண்டும். வெளிக்கசிவு இன்றியே நீர் குறையின் ஐயம் வலுப்படும். இரண்டாவதாக, கணினிக் கருவியால் எரிதல் தவறும் சிலிண்டரை அறிதல் வேண்டும். மூன்றாவதாக, அதன் எரிபற்றற் சுருளை அயற்சிலிண்டரின் சுருளோடு மாற்றிப் பார்த்தல் வேண்டும். குறையும் உடன் மாறின் பழுது சுருளினதே. மாறாதாயின், குளிர்விப்புத் தொகுதிக்கு அழுத்தமூட்டி, பிளக் துளையினூடாகச் சிறு கமராவை நுழைத்து, உள்ளே நீர் கசிகின்றதா எனக் காணலாம்.

பின்னாசனத்தருகே காற்று இரைச்சல் மிகுமாயின், பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி புழுதியால் அடைபட்டிருக்கலாம். வன்னியின் வெயிலும் புழுதியும் இதற்குத் துணையாவன. தடுப்பை மிதியாத போதும் அதன் பம்பி அடிக்கடி ஒலிப்பின், வண்டியை ஓட்டாது உடனே காட்டுதல் வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தேர்ச்சியற்றோர் தீண்டலாகாது. மேற்கூறிய பிரியஸ் வண்டியின் பற்றரி அழுத்தம் 201.6 வோல்ற்று, அஃது உயிர்போக்கவல்லது.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இதனாற் பழைய வண்டிகளே நெடுங்காலம் குடும்பங்களுக்கு உழைக்க வேண்டியனவாயின. காலை நடுக்கத்தைப் புறக்கணித்து ஓட்டின், சிலிண்டரில் நிறைந்த நீர் எஞ்சினின் தண்டையே வளைத்துவிடக்கூடும். குறை சிறிதாயிருக்கையிற் காரணத்தைத் தேர்ந்தறிபவன் கஸ்கெற்றோடு தப்புவான். பொறுத்திருப்பவன் எஞ்சினையே இழப்பான்.