ராமானுஜன் கைக்கு வந்த இரண்டு புத்தகங்கள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீடு. சாஸ்திரா பல்கலைக்கழகம் நினைவில்லமாகப் பராமரித்துவரும் இந்த வீட்டில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்தார். வருமானம் போதாத குடும்பம். கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சமாளித்தது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சிறுவயது ராமானுஜன் கேட்டுக் கேட்டே கற்றுத் தீர்த்தார். பிறகு இரவலாகக் கிடைத்தது லோனியின் முக்கோணவியல். கல்லூரி மாணவர்கள் படிக்கும் அந்த நூலை 13 வயதுக்குள் முடித்துவிட்டார்.

1903-இல் வந்தது கார் என்பவர் தொகுத்த கணித நூல். சுமார் 5,000 சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தனிப்பயிற்சி அளித்த ஆசிரியரின் தொகுப்பு அது. நிரூபணம் இல்லாததால், ஒவ்வொன்றையும் சிலேட்டில் போட்டுப் பார்த்துத் தானே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ராமானுஜனை ராமானுஜன் ஆக்கியதில் அந்த இடைவெளிக்குப் பெரும் பங்குண்டு.

இன்று வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் பலரோ, எல்லாவற்றையும் விளக்கிவிடும் புத்தகத்தையே தேடி அலைகிறார்கள். ஆர்வம் முளைத்துவிட்ட பதின்வயதுப் பிள்ளைக்கு, வேலை வைக்கும் புத்தகம்தான் தேவை. அதையே ஆறு வயதில் கொடுத்தால் தண்டனை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் தொடாமல் தேறாது போனார்; உதவித்தொகையும் போயிற்று. பிடித்ததை மட்டும் ஊட்டி வளர்ப்பது ஆபத்து.

அதே கல்லூரியில் 1880 முதல் தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர் வேறு வழியில் வந்தவர். அவர் படிப்புக்காகத் தந்தை ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று படிப்படியாகப் பாடம் கேட்ட பிறகே மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். மாணவரின் நிலையறிந்து அடுத்த நூல், அடுத்த ஆசிரியர்!

இன்று அவ்வளவு அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாகக் கிடைக்கின்றன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மடியில் வைத்து வாசித்துக் காட்ட அவையே போதும். எட்டு, ஒன்பது வயதில் நூலகத்துக்கு அழைத்துப்போய், எடுப்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

சான்றிதழ்க் கவலை உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.