ஞாயிறு காலை 11 மணிக்கு எல்லா முதியோர் இல்லமும் நல்ல இல்லம்தான்!

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். தரை பளிச்சென்று துடைத்திருக்கும். படுக்கை விரிப்பு மாற்றியிருக்கும். தாத்தாக்கள் சவரம் செய்து, திருநீறு பூசி, வராந்தா நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். வரவேற்பறைச் சுவரில் பிறந்தநாள் கொண்டாட்டப் படங்கள். மாதம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு, மகனோ மகளோ சாயங்காலமே பெங்களூருக்கு பஸ் ஏறிவிடலாம்.

அதே இல்லம் இரவு 2 மணிக்கு எப்படி இருக்கும்? அப்பாவைச் சேர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலான குடும்பங்கள் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவிகிதம். 2031-ல் இது 18.2 சதவிகிதமாகும் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. கிட்டத்தட்ட ஐந்து பேருக்கு ஒருவர். பிள்ளைகளோ வெளியூரில், வெளிநாட்டில். ஆக, இல்லங்கள் பெருகத்தான் செய்யும். அவற்றைப் பார்வையிடுவது யார்?

இரண்டு பிப்ரவரிகள்

2018 பிப்ரவரி. காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஓர் இல்லத்தின் வேனில் இருந்து மூதாட்டி ஒருவரின் அலறல் கேட்க, பொதுமக்கள் வண்டியை மடக்கினார்கள். உள்ளே காய்கறி மூட்டைகள். பக்கத்திலேயே ஒரு சடலம். செய்தி வெளியாகி, அதிகாரிகள் ஆய்வு நடத்தி, அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது.

2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அதைத் தொடர்ந்து நடந்த சோதனையில் 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டனர். உரிய உரிமம் இல்லாமலேயே அது நடந்துவந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள்.

இரண்டுமே ஒரே நாளில் முளைத்த இல்லங்கள் அல்ல. முதலாவதில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஓர் அலறல். இரண்டாவதில், தன் உறவினரைத் தேடி வந்த ஒரு மனிதர். வழக்கமான அரசு ஆய்வு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

எந்தத் துறையின் பொறுப்பு?

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையின் கீழ் வருகின்றன. மாவட்ட அளவில் பொறுப்பு, மாவட்ட சமூக நல அலுவலருக்கு. இந்த ஒரே அலுவலகம்தான் பெண்கள், குழந்தைகள் நலத் திட்டங்களையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் சின்ன தனியார் மருத்துவமனை. அதற்கு 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பார்ப்பது சுகாதாரத் துறை. ஆனால், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு டியூப் வழியாக உணவு, சிறுநீர்க் குழாய், இன்சுலின் ஊசி என்று பாதி மருத்துவமனையாகவே நடக்கும் முதியோர் இல்லங்கள்? சோறு, தங்குமிடம் என்று பார்த்தால் ஒரு துறை. ஊசி, மருந்து என்று பார்த்தால் இன்னொரு துறை. நடுவில் விழுவது பெரியவர்தான்.

2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்க வழிசெய்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து திரட்டும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணிக்கையையே கேட்க வேண்டியிருந்தது! இல்லங்களின் பதிவுக்கும் குறைந்தபட்சத் தரத்துக்கும் நாடு முழுவதும் வழிசெய்யும் திருத்த மசோதா 2019-ல் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமல் காலாவதியானது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பராமரிப்பு இல்லமும் அரசு ஆய்வில் தனக்குக் கிடைத்த மதிப்பீட்டை வாசலிலேயே மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வறிக்கையை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் படிக்கலாம். நம் ஊரில் ஹோட்டலுக்கு ஸ்டார் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம். அம்மாவைச் சேர்க்கும் இடத்துக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு வார்த்தைதான் ஸ்டார்.

எதைப் பார்ப்பது?

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்; எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இரண்டையும் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்குகிற இடம் என்றால் அத்தோடு கிளம்பிவிடலாம். ஆனால், சான்றிதழ் தரமான பராமரிப்புக்கு உத்தரவாதம் ஆகிவிடாது.

தரத்தைக் காட்டுவது பெரியவரின் உடம்புதான். நகர முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் வரும். ஒரு சின்ன கணக்குப் போடுவோம். இரவுப் பணியில் ஒரே ஓர் உதவியாளர். படுத்திருப்பவர்கள் 20 பேர். ஒருவரைத் திருப்பி, நனைந்த துணியை மாற்ற 5 நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். மீதி 20 நிமிடத்தில் அவர் தண்ணீர் கொடுக்க வேண்டும், பாத்ரூமுக்குத் தடுமாறிப் போகிறவரைப் பிடிக்க வேண்டும், ஒருவருக்கு மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது நடக்கிற காரியமா? அதனால்தான், 'மொத்தம் எத்தனை ஊழியர்கள்' என்று கேட்பதைவிட, 'நேற்று ராத்திரி யார் யார் டூட்டியில் இருந்தார்கள்' என்று கேட்பது பலன் தரும்.

அடுத்தது, தண்ணீர். வயதானால் தாக உணர்வு குறையும். கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ராத்திரியில் டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரையே குறைத்துவிடும் இடங்களும் உண்டு. நாக்கு வறண்டிருக்கிறதா, டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் மெனுவைவிட நேரம் முக்கியம். சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டுமே என்று மாலை 6 மணிக்கே இரவு உணவு, மறுநாள் காலை 8.30-க்கு டிபன் என்றால் இடையில் பதினான்கரை மணி நேரம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு இது ஆபத்து. இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட் கிடைக்கிறதா என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்றால், என்ன மாத்திரை, எந்த டாக்டர், எந்தத் தேதியில் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள். மணிக்கட்டில் கட்டிய தழும்பு இருந்தால், 'விழாமல் இருக்கத்தான் கட்டினோம்' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கிறார்களா என்பதையும் கேட்கலாம். எடை சட்டென்று இறங்கினால், பெரியவர் வாய்விட்டுச் சொல்லாததை எடை மெஷின் சொல்லிவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனால் பார்க்க முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணிக்குப் போக வேண்டும். 'விசிட்டர் டைம் முடிந்துவிட்டது, வெளியிலேயே பேசிவிட்டுப் போங்கள்' என்று அறைக்குள் விடவே மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

குறையைக் கண்டுபிடித்த பிறகும் பலர் வாய் திறப்பதில்லை. 'நாம் கேட்டுவிட்டுப் போன பிறகு அம்மாவை அங்கே என்ன செய்வார்களோ' என்ற பயம். நியாயமான பயம்தான். அதற்குத்தான் வெளியே ஒரு வழி வேண்டியிருக்கிறது. முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. மாவட்ட சமூக நல அலுவலரிடமும், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் எழுத்துபூர்வமாக மனு கொடுக்கலாம். புண்ணின் போட்டோ, மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது கையில் இருந்தால் மனுவுக்கு வலு கூடும். சேர்க்கும் நாளிலேயே ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றும்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்க உதவும்.

அப்படிப் போகும் நாளில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவரைப் பார்க்க யாருமே வராமல் இருக்கலாம்.