விற்ற மாடும் விடாத கயிறும்

மாட்டை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு, கயிற்றை மட்டும் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பவனை எந்தச் சந்தையிலும் ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள். கைபேசி வியாபாரத்திலோ இது நித்திய வழக்கமாகிவிட்டது. புதிய கைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தவுடன், நாம் கேளாத செயலிகள் பல அதில் ஏற்கெனவே குடியேறியிருக்கக் காண்கிறோம். நீக்கலாமென்று முயன்றால், பலவற்றுக்கு நீக்கும் வழியே வைக்கப்படவில்லை.

இந்தச் சூட்சுமத்தை ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியம். கைபேசியின் நினைவகத்தில் ஒரு பகுதி பூட்டப்பட்டது. கருவியை இயக்கும் ஆதார மென்பொருள் அங்கேதான் இருக்கிறது. உடையவன் அதைப் படிக்கலாமேயன்றித் திருத்த முடியாது. கருவியின் பாதுகாப்பை உத்தேசித்துச் செய்த ஏற்பாடு இது, அதில் குற்றமில்லை. ஆனால் உற்பத்தியாளரும் தொலைபேசிக் கம்பெனியாரும், தமக்கு வேண்டிய செயலிகளையும், பணம் கொடுத்த பிறருடைய செயலிகளையும் அதே பூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அவற்றை 'முடக்கலாம்' என்று சில கைபேசிகளில் ஒரு சலுகை உண்டு. முடக்கினால் செயலி கண்ணுக்கு மறையும். அது பிடித்த இடம் பிடித்ததுதான். விலை குறைந்த, இடம் குறுகிய கைபேசியை வாங்கும் ஏழைக்கே இதனால் நஷ்டம் அதிகம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த வழக்கம் முற்றிப்போனதற்குக் காரணம், அங்கே கைபேசியைப் பெரும்பாலும் தொலைபேசிக் கம்பெனிகளே தவணை முறையில் விற்பதுதான். 2011 நவம்பரில் அங்கே ஓர் ஆராய்ச்சியாளர் 'கேரியர் ஐக்யூ' என்ற மறைவான மென்பொருளைப் பற்றிய உண்மைகளை வெளியிட்டார். அழைப்புகள் ஏன் அறுந்துபோகின்றன என்பது போன்ற விவரங்களைச் சேகரித்துத் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு அனுப்புவது அதன் வேலை என்றார்கள். பயனாளர் அழுத்தும் எழுத்துகள்கூட அதன் பார்வைக்குத் தப்புவதில்லை என்று அவர் ஒரு படம் பிடித்துக் காட்டினார். அவற்றைத் தான் பதிவு செய்வதில்லை என்று அந்த மென்பொருள் கம்பெனி மறுத்தது. அதற்கு முன்பே அவரை வக்கீல் நோட்டீஸால் மிரட்டிப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியதும் அதே கம்பெனிதான். செனேட்டர் அல் பிராங்கன் எழுதிக் கேட்டபோது வந்த கணக்கு என்ன? ஸ்பிரிண்ட் கம்பெனியின் கைபேசிகளில் மாத்திரம் சுமார் 2 கோடியே 60 லட்சத்தில் அது இருந்தது. ஏடி அண்டு டி கம்பெனியில் சுமார் 9 லட்சம். அத்தனை பேரில் எத்தனை பேருடைய சம்மதத்தை விளங்கச் சொல்லிக் கேட்டார்கள்? ஸ்பிரிண்ட் அதை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. பின்னர் 2015 இறுதியில் அந்த மென்பொருளை விலைக்கு வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? ஏடி அண்டு டி கம்பெனியேதான்!

தென் கொரியாவின் சர்க்கார் 2014 ஜனவரியில் வேறு வழியைக் கண்டது. கருவியின் வேலைக்கு இன்றியமையாத சில நீங்கலாக, முன்பே வைத்த மற்றச் செயலிகளை வாங்கியவர் நீக்கிவிடும்படி அமைக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு விதி வகுத்தது. அதனால் அங்கே கைபேசித் தொழில் அழிந்துபோய்விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமது தேசத்துக்கு வருவோம். இங்கே கைபேசியை ஒருவரிடமும் தொலைபேசி இணைப்பை மற்றொருவரிடமும் வாங்குவதே பெருவழக்கு. ஆகவே அழையா விருந்தாளியை உள்ளே அனுப்புபவர் வேறு. 2022 அக்டோபர் 20-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகிள் கம்பெனிக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்பே வைத்த தன் செயலிகளை ஜனங்கள் நீக்குவதைத் தடுக்கக் கூடாதென்றும் கட்டளையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை ஊர்ஜிதம் செய்தது. ஆனால் நீக்கும் உரிமை பற்றிய அந்தக் கட்டளையை ரத்துச் செய்துவிட்டது. அபராதம் கஜானாவுக்கு, பிரஜைக்கு என்ன கிடைத்தது?

கம்பெனி செய்ததைச் சர்க்காரும் செய்யத் துணிந்ததுதான் விசித்திரம். 'சஞ்சார் சாத்தி' என்ற செயலியை எல்லாப் புதிய கைபேசிகளிலும் 90 நாட்களுக்குள் வைக்க வேண்டுமென்று 2025 நவம்பர் 28-ந் தேதி தொலைத்தொடர்பு இலாகா உத்தரவிட்டது. அதன் செயல்களை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமிருக்கக் கூடாதென்றும் அதில் கண்டிருந்தது. திருட்டுப் போன கைபேசியைத் தடுத்துவைக்க உதவும் செயலி அது, உபயோகமானதே. லட்சக்கணக்கானோர் தாமாகவே அதை ஏற்றிக்கொண்டார்கள். விரும்பி ஏற்பதைக் கட்டாயமாக்குவானேன்? கூக்குரல் எழுந்தது. வேண்டாதவர் நீக்கிவிடலாமென்று மந்திரி ஜோதிராதித்ய சிந்தியா டிசம்பர் 2-ந் தேதி சொன்னார். உத்தரவின் வாசகம் ஒன்று, மந்திரியின் வாக்கு மற்றொன்று! மறுநாளே கட்டாயம் வாபஸ் ஆயிற்று.

வாபஸ் ஆனது நல்லதே. ஆனால் ஓர் உத்தரவு போனதால் உரிமை பிறந்துவிடவில்லை. ஐந்து நாளில் ஓர் உத்தரவைப் போடவும் எடுக்கவும் முடிந்த இலாகாவுக்கு, கொரியா 2014-ல் செய்ததைப் போன்ற ஒரு விதியை எழுத எத்தனை நாள் வேண்டும்? எந்தெந்தச் செயலி முன்பே இருக்கிறது, யார் வைத்தது, எதை நீக்க முடியாது என்ற ஜாபிதாவைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்வதும் அதில் சேரட்டும். பார்லிமெண்டில் நமது பிரதிநிதிகள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.