காவடிச் சிந்தும் கணக்குப் பாடமும்

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் ஆயக்குடிச் சாலை உறங்குவதில்லை. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வரும் பாதயாத்திரைக் கூட்டம் இந்தப் பேரூரைக் கடந்தே பழனியை அடைகிறது. மயிற்பீலிக் காவடிகள், பால்குடங்கள், பம்பையும் உறுமியும் முழங்கும் தாளம், சாலையோரத்தில் குவித்து வைத்த ஆயக்குடிக் கொய்யா. பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள் ஓரமாக நின்று பார்க்கின்றனர். சிலரது கால்கள் தாமாகவே தாளம் போடுகின்றன. மணி அடித்ததும் அவர்கள் வகுப்புக்குச் சென்றுவிடுகின்றனர். அங்கே அந்தத் தாளத்துக்கு இடமில்லை.

முருகப்பெருமான் முத்தமிழின் தலைவன் என்று போற்றப்படுகிறான். இயல், இசை, நாடகம் மூன்றும் சேர்ந்ததே முத்தமிழ். நம் பள்ளிகள் அவற்றுள் இயலை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டன. இசையும் நாடகமும் ஆண்டு விழாவுக்கு என ஒதுக்கப்பட்டன. மதிப்பெண் அட்டையில் வரவு வைக்கப்படாத எதுவும் நாளடைவில் கணக்கிலிருந்தே நீங்கிவிடும் என்பது அலுவலகங்களுக்கு மட்டுமன்று, பள்ளிகளுக்கும் பொருந்துகிறது.

தேர்வின் அருமையை ஆயக்குடிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கும் இவ்வூரின் ‘மரத்தடி மையம்’ தமிழகம் எங்கும் அறியப்பட்டது. அதன் பாடக் குறிப்புகளைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களை எந்த மாவட்டத்திலும் காணலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தலைநிமிரத் தேர்வே வழி என்று நம்பும் ஊரில், கலைக்கு நேரம் கேட்பது எளிதன்று. பாட்டும் படமும் படிப்பைக் கெடுத்துவிடாதா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு.

அதற்கு விடை பழனி மலையின் பாட்டிலேயே இருக்கிறது. அருணகிரிநாதர் பழனியில் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பல. ஒவ்வொரு பாடலுக்கும் மேலே அதன் சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருப்பதைப் பாராயணம் செய்வோர் அறிவர். ‘தனன’ என்று வாய்விட்டுச் சொல்லும் சிறுவன், இரண்டு குறில் இணைந்து நிரையசையும் அடுத்த குறில் நேரசையும் ஆவதைச் செவியால் உணர்கிறான். இலக்கண நூல் அதைப் ‘புளிமா’ என்கிறது. ‘தான’ என்றால் நேர், நேர், அது ‘தேமா’. ‘தானன’ கூவிளம், ‘தனதன’ கருவிளம். பத்தாம் வகுப்பு மாணவர் பலரை அச்சுறுத்தும் ‘அலகிட்டு வாய்பாடு எழுதுக’ என்ற வினா இதைத்தான் கேட்கிறது. சந்தம் அசையினும் நுட்பமானது. ‘தத்த’ என்பதும் ‘தந்த’ என்பதும் அசைக் கணக்கில் ஒன்றே. ஆனால் முன்னதில் வல்லொற்று, பின்னதில் மெல்லொற்று என்பதைச் சந்தம் பிரித்துக் காட்டிவிடும். பத்து நாட்கள் பாடினால் பதியும் இதனை ஆண்டு முழுவதும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம்.

கணக்குக்கும் இவ்வாறே. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு கற்பிக்கப்படுகிறது. ஐந்துக்கும் எட்டுக்கும் அது நாற்பது என்று எழுதிவிட்டு மாணவன் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு ‘தகதகிட’ என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டை எழுத்துக்கு ஓர் அட்சரமாகச் சொல்லிப் பார்க்கட்டும். முதல் சுற்றின் எட்டு அட்சரம் முடியும்போது சொற்கட்டு பாதியில் நிற்கும். இரண்டாம் சுற்றிலும் சேராது. எட்டு முறை சொற்கட்டும் ஐந்து முறை தாளமும் முடிந்த பிறகே இரண்டும் ஒருசேரச் சமத்தில் வந்து விழும். அந்த நாற்பதாவது அட்சரத்தைக் கைதட்டிக் கண்டுகொண்ட பிள்ளைக்குப் பொது மடங்கு மறக்காது. தவில் கற்கும் சிறுவர்கள் இதைப் பெயர் சொல்லாமலே செய்து வருகின்றனர்.

மார்கழிக் கோலமும் வடிவியல் பாடமே. நேர்ப்புள்ளி ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் கோலத்தை எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து நடு வரிசை வரை 1, 3, 5, 7 புள்ளிகள். கூட்டினால் 16, அதாவது நான்கின் வர்க்கம். நடு வரிசைக்குக் கீழே 5, 3, 1. கூட்டினால் 9, மூன்றின் வர்க்கம். அடுத்தடுத்த ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை வர்க்க எண்ணாகும் என்ற விதி வாசலில் மாவாலேயே எழுதப்பட்டிருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி 1970-களில் தம் சகாக்களோடு கோலங்களை ஆராய்ந்து, அவற்றை வரையும் விதிகளைக் கணினியியலின் வடிவ இலக்கணத்தோடு இணைத்துக் கட்டுரைகள் எழுதினார். பாட்டிமார்களின் கைவிரல் அறிந்ததை உலக அறிஞர்கள் அதன் பிறகு கணிதமாகப் படித்தனர்.

பொதுப் பள்ளியில் கோயில் கலைக்கு இடம் தரலாமா என்று தயங்குவோரும் உளர். சந்தமும் தாளமும் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல. திருவரங்கத்தில் வாழ்ந்து நாதஸ்வரத்தால் அரங்கனை வணங்கிய ஷேக் சின்ன மௌலானா சாகிப்பின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இதில் ஐயம் எழாது.

கலையைப் பாடத்தில் சேர்த்தால் அதன் தரத்தை எப்படி அளப்பது என்பதே கல்வியாளர்களின் கடினமான கேள்வி. கலைக்குத் தர அளவுகோல் இல்லை என்பது சரியன்று. பதினாறாம் நூற்றாண்டின் புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் வரிசை இன்றும் வழக்கில் உள்ளது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம், அதன்பின் கீதம், வர்ணம், கீர்த்தனை. ஒரு படி நிலைக்காமல் அடுத்த படிக்கு ஆசிரியர் அனுப்பமாட்டார். பழனித் தேவஸ்தானம் நடத்தும் நாதஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளியிலும் மாணவரின் தேர்ச்சியைக் காதுதான் சொல்கிறது. எழுத்துத் தேர்வு வைத்து நாதஸ்வரத்தை அளக்க முடியாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டால் நொடியில் தெரிந்துவிடும்.

இதே மலைத்தொடரின் உச்சியில், 1901-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி இருக்கிறது. இந்தியாவில் பன்னாட்டு இளநிலைப் பட்டயத் திட்டத்தை, 1976-இல், முதலில் ஏற்ற பள்ளி அது. அத்திட்டத்தில் இசையை விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவருக்கு இயற்பியலுக்கு உரிய அதே ஏழு புள்ளிகள் இசைக்கும் உண்டு. மலையின் மேலே இசைக்குக் கிடைக்கும் மதிப்பு மலையடிவாரத்தில் ஏன் கிடைக்கவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி.

வெறுமனே ‘முக்கியப் பாடம்’ என்று பெயர் சூட்டினாலும் பயனில்லை. அமெரிக்காவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் கலைகளையும் முதன்மைப் பாடங்களில் சேர்த்தது. ஆனால் ஆண்டுதோறும் தேர்வு வைத்தது வாசிப்புக்கும் கணக்குக்குமே. விளைவாகப் பல பள்ளிகளில் கலைக்கு இருந்த நேரமும் சுருங்கியது.

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டக் குழு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் கலையோடு இணைந்த கற்றலைப் பேசுகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வெல்வோர் கலையரசன், கலையரசி என்ற பட்டம் பெறுகின்றனர். நல்ல முயற்சி, ஐயமில்லை. ஆயினும் போட்டி என்பது ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைக் கண்டெடுக்கும். தெரியாத பிள்ளைக்குப் பாடக் கற்றுத்தராது.

கற்றுத்தர ஆசிரியர் வேண்டும். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிக்குக் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. கூடவே ‘பகுதி நேர’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டது. நூறு பேருக்குக் குறைந்த சிற்றூர்ப் பள்ளிக்கு அதுவும் இல்லை. தமிழகத்தில் 2012-இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரை நாட்களுக்கு நியமிக்கப்பட்டனர். ஊதியம் இப்போது சற்று உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றனர். ஒரு பள்ளியின் ஓவியமும் இசையும் வாரத்தில் மூன்று முற்பகல்களுக்குள் அடங்கிவிட வேண்டும் என்றால், அது தமிழ் ஆசிரியரோடும் கணக்கு ஆசிரியரோடும் கலந்து பேசுவதற்கே போதாது. அவ்வாறு கலந்து பேசாமல் சந்தம் இலக்கண வகுப்புக்குள் நுழைய வழியில்லை.

மாலையில் கட்டணம் செலுத்திப் பரதநாட்டியமோ வயலினோ கற்பிக்க இயன்ற குடும்பங்களுக்கு இந்தக் குறை தெரிவதில்லை. கொய்யாத் தோப்பில் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே வாசல்.

வழிகாட்ட வெளிநாடு செல்லவும் தேவையில்லை. இதே திண்டுக்கல் மாவட்டத்தில் 1947-இல் காந்திகிராமம் உருவானது. அதை டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் வளர்த்தெடுத்த ஜி. ராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்று, பின் காந்தியடிகளிடம் வந்தவர். கையால் செய்யும் தொழிலோடு பாடத்தைப் பிணைக்கும் ஆதாரக் கல்வி அங்கே வேரூன்றியது. நூல் நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தை அளந்து கணக்குக் கற்கும் முறை அது. பழனியிலோ தேவஸ்தானமே கல்வி நிறுவனங்களை நடத்துகிறது; 1960-இல் தொடங்கிய அதன் ஆடவர் கல்லூரியின் பெயரிலேயே ‘கலை’யும் ‘பண்பாடு’ம் உள்ளன. நாதஸ்வரப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை ஆயக்குடி போன்ற அண்டை ஊர்ப் பள்ளிக்கு வந்து தாளம் சொல்லிக் கொடுப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இரு துறைகளின் ஒப்புதல் போதும்.

தைப்பூசம் முடிந்தபின் பங்குனி உத்திரம் வரும். பொதுத் தேர்வுகளும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். சாலையில் தீர்த்தக் காவடிகள் சந்தம் மாறாமல் பாடிக்கொண்டு செல்லும்போது, உள்ளே மாணவர்கள் தமிழ்த் தாளைப் பிரித்துக் குறளொன்றை அலகிட்டுக்கொண்டிருப்பார்கள்.